மூத்தாளுக்குத் தண்ணி காட்டியாச்சா

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இன்று மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வயிறாரச் சாப்பிட்ட வாயால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: ஆண்டிபட்டிக்குத் தெற்கே, மழை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிற கருக்கம்பட்டியில், வாடகைக் கார் ஓட்டும் தவசியின் பழைய வெள்ளைக் கார் ஒரு பங்குனி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை தண்ணீர் இழக்கத் தொடங்கியது; ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தாமல் காணாமல் போயிற்று; போன தண்ணீர், கார் தேனியில் ஓடினாலும் சரி, பழனியில் ஓடினாலும் சரி, ஊர்க்கோடியில் கூரையில்லாமல் உட்கார்ந்திருக்கும் வெயிலுகந்தம்மன் மேல் போய் விழுந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று ஊர் முடிவு பண்ண மூன்று வாரம்கூட ஆகவில்லை. உட்கார்ந்து ஆச்சரியப்பட நேரம் இருக்கிற ஊர் வேறு, வேலைவெட்டி இருக்கிற ஊர் வேறு.

அந்தக் காருக்கு மூத்தாள் என்று பெயர். பெயர் வைத்தவள் தவசியின் பெண்டாட்டி ராமுத்தாய். கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே தவசி காரை வாங்கிவிட்டதால், தான் இந்த வீட்டுக்கு இளையாளாக வாக்கப்பட்டு வந்தவள் என்று சொல்லிச் சொல்லியே இருபத்துமூன்று வருஷம் புருஷனைக் கேலி பண்ணினாள். அவன் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்காரும்போதெல்லாம், "மூத்தாளுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்பாள். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் மனுஷன் குடிக்க வேண்டும் என்கிற சம்சாரி வீட்டுச் சட்டத்தை அவள் ரேடியேட்டர் வரைக்கும் நீட்டிவிட்டிருந்தாள். பல நாள் அவளே செம்பை எடுத்துப் போய் ஊற்றுவாள், அதுவும் நொட்டாங்கையால். ராமுத்தாய்க்கு இடது கைப் பழக்கம், நொட்டாங்கைக்காரி, அரிவாள் பிடிப்பதும் அந்தக் கைதான், கோபம் வந்தால் புருஷன் முதுகில் ஒன்று வைப்பதும் அந்தக் கைதான். தண்ணீர் காணாமல் போக ஆரம்பித்ததற்கு முந்தின ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், முன் சீட்டில் சாய்ந்தபடி, கடைசியாக அவள் வாயிலிருந்து வந்ததும் அந்தக் கேள்விதான். காட்டியாச்சு தாயி, காட்டியாச்சு என்று தவசி சொன்னான். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் அவன் காட்டியிருக்கவில்லை.

அந்தப் பங்குனியில், காலையில் கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பினால், தேனி போய்ச் சேர்வதற்குள் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட ஆரம்பித்தது. பானெட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றரை லிட்டர் குறைந்திருக்கும். தவசி வண்டியைக் கொண்டுபோய் ஆண்டிபட்டி பட்டறைக்கார அமானுல்லாவிடம் விட்டான். அமானுல்லா ரப்பர் குழாய்களைப் பிதுக்கிப் பார்த்தான், வாட்டர் பம்ப்பைக் கழற்றி மாட்டினான், மூடியை மாற்றினான், ஆயில் பால் நிறமாகியிருக்கிறதா என்று விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான், சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா என்று குனிந்து பார்த்தான், வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டான். பேப்பரில் ஒரு பொட்டு ஈரமில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டை இருந்தா தண்ணி போகும்ண்ணே. இந்த வண்டியில ஓட்டையும் இல்ல, தண்ணியும் இல்ல," என்றான்.

சும்மா விடுகிற ஆளில்லை அமானுல்லா. வெறும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பச்சைக் கூலன்ட் ஊற்றி அனுப்பினான், எங்கே கசிந்தாலும் நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்று. பச்சையும் போயிற்று. பிறகு ரோஸ் நிறத்தில் ஒன்று ஊற்றினான். அதுவும் போயிற்று. இந்தச் சமயத்தில்தான் வெயிலுகந்தம்மன் கோயில் பூசாரி சடையன் தன் மொபட்டுக்குச் செயின் மாற்ற அந்தப் பட்டறைக்கு வந்தார். வந்தவர் ரோஸ் நிறக் கேனைப் பார்த்து, அதை விரலால் தொட்டு, மோந்து பார்த்துவிட்டு, இது எங்க ஆத்தா மேல ஓடுற தண்ணியாச்சே, போன வாரம் பச்சையா ஓடுச்சு, இந்த வாரம் இந்த நிறமா ஓடுதே என்றார். அமானுல்லா கேனை மூடினான். பிறகு, அப்ப கசிவு அங்கதான் இருக்கு என்று சொல்லிவிட்டுச் செயினை மாட்டப் போனான்.

வெயிலுகந்தம்மனுக்குக் கூரை ஆகாது. மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள், மூன்று தடவையும் ஆடிக் காற்று தூக்கிக்கொண்டு போய் ஓடையில் போட்டது. பேரே அப்படி, வெயிலை விரும்பி உட்கார்ந்தவள், நாலு பக்கமும் இடுப்பளவு சுவர், மேலே வானம். கருக்கம்பட்டிப் பெண்கள் விஷயத்தைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெயில விரும்பினவளுக்கும் வயசாகுதில்ல, உடம்புச் சூடு தாங்காம கேட்டு வாங்கிக்கிறா என்றார்கள். அதற்கு மேல் அதில் பேச என்ன இருக்கிறது.

பேச்சு ஓய்ந்ததும் பிரயோஜனம் தொடங்கியது. கார் ஓடினால் அம்மன் நனைவாள், நின்றால் காய்வாள், மேட்டில் ஏறினால் நிறைய நனைவாள். ஆகவே தவசியின் காரில் ஏறிப் போனவர்களின் வீட்டார், ஆள் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று போன் போட்டுக் கேட்பதை விட்டுவிட்டுக் கோயிலுக்கு வந்து பார்த்துக்கொண்டார்கள். ஆத்தா சொட்டச் சொட்ட நிற்கிறாள், அப்படியானால் கணவாய் ஏறிவிட்டார்கள். ஆத்தா காய்ந்துவிட்டாள், அப்படியானால் கல்யாண மண்டபத்தில் இறங்கிவிட்டார்கள், இனி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஒரு தடவை பழனிக்குப் போன கூட்டம் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. வீட்டார் அம்மனைப் பார்த்தார்கள், ஒரே சீராக நனைந்துகொண்டிருந்தாள், வண்டி எங்கேயோ நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து போய் உலை வைத்தார்கள். சரியாகச் சோறு வடிக்கிற நேரத்துக்கு வந்து இறங்கினார்கள்.

அப்புறம் குடங்கள் வந்தன. ஆத்தா மேல் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் கோயிலுக்குத்தான் போக வேண்டுமென்று இல்லையே, தவசி வீட்டு வாசலில் நிற்கிற காரின் வாயில் ஊற்றினால் நேரே போய்ச் சேர்கிறதே. செவ்வாயும் வெள்ளியும் காலையில் தவசி பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தால் காருக்கு முன்னால் வரிசை நிற்கும். பானெட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், வைப்பரில் வேப்பிலை செருகினார்கள், ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூலன்ட் நாக்குக்கு இனிப்பு, உடம்புக்கு விஷம், தீர்த்தமென்று யாரும் வாயில் விட்டுவிடாதீர்கள் என்று அமானுல்லா சொல்லி அனுப்பியதால், இனி வெறும் தண்ணீர்தான் ஊற்றுவது என்று கோயில் கமிட்டி முடிவு பண்ணியது. வண்டிக்கு எது நல்லது என்று யாரும் கேட்கவில்லை.

கிழக்குத்தெருப் பெண்களும் வந்தார்கள். அவர்கள் கொண்டுவருகிற குடத்தை அம்மன் சுவருக்கு வெளியே வைத்துவிட்டுப் போவதுதான் அதுவரை வழக்கம். வைத்த குடத்தை யார் எடுத்தார்கள், எங்கே ஊற்றினார்கள் என்று அவர்களும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. குருவம்மா என்கிறவள் முதலில் வந்து ரேடியேட்டரில் ஒரு செம்பு ஊற்றினாள். கமிட்டித் தலைவர் செல்வேந்திரன் தொண்டையைக் கனைத்தார். காரின் வாய் எந்தத் தெருவுக்குச் சொந்தம் என்று எந்த வழக்கத்திலும் இல்லாததால் கனைத்ததோடு நிறுத்திக்கொண்டார். தவசி வண்டியைக் கிளப்பினான், குருவம்மா வெயிலில் அரை மைல் நடந்து போய், சுவருக்கு வெளியே நின்று, தான் ஊற்றிய தண்ணீர் ஆத்தா மார்பு வழியாக ஓடுவதைப் பார்த்தாள். வெகுநேரம் நின்றாள். அன்றைக்குக் களையெடுக்கப் போகவில்லை.

இத்தனையிலும் அந்த அற்புதத்தைக் கண்ணால் பார்க்காத ஒரே ஆள் தவசிதான். கார் ஓடினால்தானே தண்ணீர் விழும், கார் ஓடும்போது அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ அல்லவா இருப்பான். போய்ப் பார்க்க அவனுக்கு ஆசையும் இல்லை. அந்த ஒரு வருஷமாக அவனுக்குக் கோயில், திருவிழா, நல்லது எதிலும் ஒட்டவில்லை. முன் சீட்டில் யார் ஏறப் போனாலும், பின்னால உக்காருங்க என்று சொல்லிவிடுவான். அந்த சீட்டு ராமுத்தாய் உட்கார்ந்து உட்கார்ந்து இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. வாடகை இல்லாத மத்தியானங்களில் வண்டியை ஏதாவது புளிய மரத்தடியில் போட்டுவிட்டு, அந்தக் குழியில் ஒரு கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிற மகள் கங்கா வாரம் தவறாமல் போன் போட்டு, அப்பா, ஓட்டினது போதும், அந்த ஓட்டை வண்டியத் தள்ளிவிட்டுட்டு இங்க வந்துருங்க என்பாள். ஓட்டை இல்லம்மா, அமானுல்லாவே சொல்லிட்டான் என்று தவசி பதில் சொல்வான்.

மாசி மாதம் ஒரு நாள், தவசி கஞ்சி குடித்துவிட்டு வருவதற்குள், பிள்ளைவரம் கேட்டு வந்த யாரோ ஒரு புண்ணியவதி காரின் வாயில் இரண்டு லிட்டர் பசும்பாலை ஊற்றிவிட்டாள். அபிஷேகமென்றால் பால் இல்லாமலா? தவசி தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கணவாய் ஏறும்போது பால்கோவா வாசம் வந்தது, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எந்தக் கடை என்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்கள், பிறகு தீய்ந்த வாசம் வந்தது, வண்டி நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தபோது அமானுல்லா ரேடியேட்டரைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான். ஒரு வருஷத்துக் கிணற்றுத் தண்ணீர் உள்ளே துருவாகப் பிடித்திருந்தது, அதன்மேல் இளநீர், அதன்மேல் மஞ்சள், எல்லாவற்றுக்கும் மேல் பால் திரிந்து பாளம் பாளமாக. இரண்டு நாள் கழுவினான். மூன்றாம் நாள் அவனே காரை ஓட்டிக்கொண்டு கருக்கம்பட்டிக்கு வந்து தவசி வீட்டு வாசலில் நிறுத்தினான்.

"தண்ணி நிக்கணும்ண்ணே," என்றான். "நின்னா நல்ல கூலன்ட் ஊத்தி இன்னும் பத்து வருசம் ஓட்டலாம். நிக்கலேன்னா இந்தக் கோடை தாண்டாது. இன்ஜின் பிடிச்சிரும். பிடிச்சிட்டா அப்புறம் எடைக்குத்தான் போடணும்."

எடைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் தவசிக்கு அந்த சீட்டைப் பிய்த்துத் தராசில் வைப்பது கண்ணில் தெரிந்தது. அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்தாயிற்று, அவள் உட்கார்ந்த இடத்தையும் கொண்டுபோய் வைப்பதா? என்ன செய்யணும் பாய் என்றான். கசிவு எங்கன்னு நீ இன்னும் பாக்கவே இல்லியே, முதல்ல போய்ப் பாரு, நான் இங்க நின்னு வண்டிய உறுமவிடுறேன் என்றான் அமானுல்லா.

தவசி நடந்து போனான். கோயிலில் பூசாரி சடையன் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். முறையில் அவனுக்கு மாமா. தவசியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தூரத்தில் மூத்தாள் உறுமுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வானத்திலிருந்தும் இல்லை, மரத்திலிருந்தும் இல்லை, அம்மனுக்கு ஒரு முழம் மேலே வெறும் காற்றிலிருந்து தண்ணீர் வந்தது. தவசி நினைத்திருந்த மாதிரி அது தலை உச்சியில் விழவில்லை. சாய்வாக, தளும்பித் தளும்பி, எதிரே நின்று ஒருவர் இடுப்புக் குடத்தைச் சாய்க்கிற மாதிரி வந்து, அம்மனின் வலது தோளில் விழுந்து, அங்கிருந்து மார்புக்கு இறங்கியது. எதிரே நிற்கிறவர் வலது கையால் ஊற்றினால் தண்ணீர் அம்மனின் இடது தோளில்தான் முதலில் விழும். இது நொட்டாங்கையால் ஊற்றுகிற தண்ணீர். கருக்கம்பட்டியில் அம்மனுக்கு நொட்டாங்கையால் ஊற்றியவள் ஒருத்திதான்.

தவசி சுவரோரம் உட்கார்ந்தான். உட்கார்ந்து, இருபத்துமூன்று வருஷமாக யாருக்கும் சொல்லாததை எல்லாம் சடையனிடம் சொன்னான்.

அந்த ஊரில் பங்குனித் திருவிழாவுக்குச் சுருளி அருவியிலிருந்து தீர்த்தம் வர வேண்டும். காப்புக் கட்டினவன் ஒருவன் போய்க் குடத்தில் மொண்டுவர வேண்டும், குடம் வழியில் தரையைத் தொடக்கூடாது, வேறெதற்கும் ஒரு சொட்டு செலவாகக்கூடாது. முன்பு நடந்து போய் மூன்று நாளில் வருவார்கள். தவசியிடம்தான் கார் இருக்கிறதே, ஒரே நாளில் வரட்டுமே என்று அவனுக்கே காப்புக் கட்டி அனுப்பினார்கள். முன் சீட்டில் வேப்பிலை பரப்பி, அதன்மேல் சின்னப் பித்தளைக் குடத்தை வைத்துக்கொண்டு வந்தவன், வருகிற வழியில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த ராமுத்தாயைப் பார்க்க ஆசைப்பட்டு வண்டியைத் திருப்பினான். போனால் அவளுக்கு வலி கண்டிருந்தது. ஊரில் வேறு வண்டி இல்லை. அவளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். மொட்டைக்கரட்டு மேட்டில் வண்டி கொதித்து நின்றது. பார்த்த பக்கமெல்லாம் பாறையும் சப்பாத்திக்கள்ளியும், அந்த வருஷம் ஓடைகூடச் சுட்டது. மூடியைத் திறந்ததில் ஆவி அடித்துத் தவசியின் வலது மணிக்கட்டு வெந்து போயிற்று. அவனால் குடத்தைத் தூக்க முடியவில்லை, மாமியார் சாமி குடத்தைத் தொடமாட்டேன் என்று பின்வாங்கி நின்றாள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் ராமுத்தாய் கதவைத் திறந்து இறங்கினாள், குடத்தை நொட்டாங்கையில் சாய்த்துப் பிடித்துச் சொட்டு மிச்சமில்லாமல் ரேடியேட்டரில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, "ஆத்தா, ஒரு கொடம் கைமாத்து வாங்கிக்கிறேன், வருசாவருசம் என் கையாலயே கொண்டாந்து ஊத்திருறேன்," என்றாள்.

பிள்ளை பிறந்தது. தவசி ஆஸ்பத்திரிக் குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டு, குழந்தை பிறந்த தீட்டோடு ஊருக்கு வந்து, ஒன்றும் நடக்காத முகத்தோடு குடத்தைப் பூசாரியிடம் கொடுத்தான். பிள்ளை பிறந்த விஷயத்தை மறுநாள்தான் சொன்னான். தண்ணீரில்லாத ஊரில் கங்கா என்று எதற்குப் பேர் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் இருபத்திரண்டு பங்குனி, ஊர்க் குடம் தனியாக வர, ராமுத்தாய் தன் குடத்தைத் தனியாகக் கொண்டுவந்து ஊற்றினாள். பிள்ளைவரத்துக்கு நேர்ந்துகொண்டாள்போல என்று ஊர் நினைத்துக்கொண்டது. போன பங்குனி துக்க வீடென்று தவசி சுருளிக்குப் போகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் மூத்தாள் தண்ணீர் இழக்க ஆரம்பித்தது.

சடையன் விளக்குத் துடைத்த துணியை மடித்தார்.

"அன்னைக்கு நீ கொண்டாந்த கொடத்துல குழாய் மருந்து வாடை அடிச்சுச்சுடா," என்றார். "சுருளித் தண்ணிக்கு ஏது அந்த வாடை? ஆத்தா மொகத்தப் பாத்தேன். அவ ஒண்ணும் சொல்லல. நான் எதுக்கு ஊடால?"

தவசி தலையைக் குனிந்துகொண்டான். சடையன் தொடர்ந்து சொன்னார், அவள் நொட்டாங்கையால் ஊற்றும்போதெல்லாம் தான் வைதது உண்டென்றும், ஆத்தாளுக்கு என் கை தெரியும் பூசாரி என்று அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள் என்றும். பிறகு, "நீ துக்கம்னு வீட்ல உக்காந்துட்ட. அவ உக்காருவாளாடா?" என்றார். இந்தப் பங்குனிக்கு நீ கொண்டுவந்து ஊற்று, அவள் வாக்கை நீ எடுத்துக்கொள், தண்ணீர் நின்றுவிடும் என்றார்.

"நின்னுருமா மாமா?" என்றான் தவசி.

சடையன் அவனைத் திரும்பிப் பார்த்தார். நிக்கணும்னுதானே ஒரு வருசமா பட்டறை பட்டறையா அலையிற என்று கேட்டார். அம்மனின் தோளில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, சாய்வாக, தளும்பித் தளும்பி, பாதி வழியில் கைமாற்றிப் பிடிக்க ஒரு நொடி நின்று மறுபடி வந்தது. அவளும் அப்படித்தான் நிறுத்துவாள். வண்டி பிழைக்க வேண்டுமென்றால் இது நிற்க வேண்டும். இது நின்றால் அவள் மறுபடி ஒரு தடவை போய்விடுவாள். ஒரு சாவை இரண்டு தடவை தாங்க எந்த மனுஷனால் முடியும்.

பங்குனி முதல் செவ்வாய், விடிந்ததும் தவசி குளித்துவிட்டுப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துக்கொண்டு சுருளிக்குக் கிளம்பினான். அந்த இருபத்திரண்டு பங்குனியிலும் இந்த ஒரு நாள்தான் அவர்கள் இரண்டு பேருக்கென்று இருந்த நாள். மற்ற நாளெல்லாம் கார் ஊரானுக்கு, அவள் காட்டு வேலைக்கு. போகும்போது கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, இது யார் தோட்டம், அது என்ன வெள்ளாமை என்று கேட்டுக்கொண்டே வருவாள், அவன் தெரியாததற்கும் பதில் சொல்வான். கம்பத்தில் திராட்சை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள், விரதமென்பதால் தின்னமாட்டாள், ஒவ்வொன்றாக அவன் வாயில் போடுவாள். வரும்போது குடம் மடியில் இருக்கும். மெல்லப் போங்க, மெல்லப் போங்க என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் தூங்கிவிடுவாள், தூங்கினாலும் குடம் தளும்பாது. மொட்டைக்கரடு வந்ததும் தானாக விழித்துக்கொண்டு, நிறுத்தச் சொல்லி, மூத்தாளுக்குத் தண்ணி காட்டுவாள்.

இப்போது, திரும்புகிற வழியில், நிறைந்த குடம் அந்த சீட்டின் குழியில் உட்கார்ந்து வந்தது. கீழே அவளுடைய பழைய சேலையைச் சுருட்டிச் சும்மாடாக வைத்திருந்தான். சூட்டு முள் அசையவே இல்லை. மொட்டைக்கரட்டு மேட்டில் நிறுத்தி, வண்டி ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்தான். காலையில் ஊற்றிய தண்ணீர் கழுத்து வரைக்கும் அப்படியே நின்றது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சொட்டுக் குறையவில்லை. குடம் இன்னும் கோயிலுக்குப் போய்ச் சேரக்கூட இல்லை, அதற்குள் அவன் கிளம்பிவிட்டான் என்று தெரிந்து அவள் கையை எடுத்துவிட்டாள். தவசி பானெட் மேல் கவிழ்ந்து அழுதான். பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாதவன், அந்த வெட்டவெளியில், ரோட்டில் போகிற லாரிக்காரன் வண்டி மக்கர் என்று நினைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போகும்படி அழுதான்.

அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். டேஷ்போர்டுக்குள் அவள் போட்டு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் கிடந்தது. ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து அதில் ஒரு டம்ளர் பிடித்துப் பாறையில் கொட்டினான். பிறகு அந்த டம்ளரைக் கழுவி, குடத்துக்குள் விட்டு, வழியில் ஒரு சொட்டு செலவாகக்கூடாத தீர்த்தத்தில் ஒரு டம்ளர் எடுத்து, தாகமே இல்லாத மூத்தாளின் வாயில் ஊற்றினான். நொட்டாங்கையால் ஊற்றினான்.

"ஆத்தா, ஒரு டம்ளர் கைமாத்து," என்றான். "அவ வந்து குடுப்பா."

கோயிலில் குடத்தை வாங்கிய சடையன் உள்ளே எட்டிப் பார்த்தார். விளிம்புக்குக் கீழே இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. தவசியின் முகத்தைப் பார்த்தார், அம்மனின் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஊற்றினார்.

அதோடு தினப்படி நனைவது நின்றது. ஊர் அதையும் வாங்கி வைத்துக்கொண்டது; ஆத்தா சூடு ஆறிட்டா என்றார்கள், வைப்பரிலிருந்து வேப்பிலையை எடுத்தார்கள், செருப்போடு காரில் ஏறினார்கள், பழனிக்குப் போனவனுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அடுத்த செவ்வாய் குருவம்மா மட்டும் குடத்தோடு கோயிலுக்கே வந்தாள், வழக்கமாக வைக்கிற இடத்தில் வைக்காமல் இடுப்பில் பிடித்தபடி நின்றாள். செல்வேந்திரன் கனைத்தார். சடையன், ஒரு வருசமா வாங்கிக் குளிச்சவ இப்ப மாட்டேன்னா சொல்லப்போறா, நீ உள்ள வாத்தா என்று வழிவிட்டார்.

அமானுல்லா நல்ல கூலன்ட் ஊற்றி, இரண்டு மாதம் வாராவாரம் அளவு பார்த்துவிட்டு, கடைசியில் வண்டியைச் சோதித்துப் பார்த்தான். எல்லாக் குழாயையும் பிதுக்கினான், மூடியை மூடித் திறந்தான், நிமிர்ந்தான்.

"எல்லாம் சரியாயிருச்சுண்ணே. வெள்ளிக்கு வெள்ளி ஒரு டம்ளர் மட்டும் கொறையுது. எங்க போகுதுன்னு பாத்துறவா?"

"வேணாம் பாய். அது வீட்டுச் செலவு," என்றான் தவசி.

கங்காவிடம், வருகிறேன், ஆனால் மூத்தாளோடு வந்து மூத்தாளோடு திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் கோயில் பக்கம் நடந்து போய், பூசாரி துடைப்பதற்கு முன்னால், அம்மனின் வலது தோள் ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு வருவான். வீட்டுக்கு வந்து அந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் மூத்தாளின் வாயில் ஊற்றுவான். அதற்கப்புறம்தான் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவான். உட்கார்ந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, காலியாக இருக்கிற வீட்டைப் பார்த்து, "காட்டியாச்சு தாயி," என்பான்.